தேன்மொழியின் மஞ்சள் காரும் நான்காம் பக்கமும்

1

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்களே அதற்கு மனக்கசப்பு, ஆதங்கம் என்று நல்ல பெயர் வைத்துவிடுவீர்கள். அதனால் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் ஓரகத்தி தேன்மொழி மேல் பொறாமை. அவள் வாங்கிய மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் மேல் அதைவிடப் பொறாமை.

தேன்மொழி என் கொழுந்தனாரின் மனைவி. சந்தவாசலில் எங்கள் மாமியார் வீட்டிலேயே இருக்கிறாள். நான் மெல்போர்னுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலை ஆறே காலுக்குக் கிளம்பினால்தான் கார் நிறுத்த இடம் கிடைக்கும். என் கார் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வண்டி. ஹீட்டர் போட்டால் ஈரத் துணி வாடை வரும்.

எனக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசையும் கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஓடுகிற, இரண்டே கதவு வைத்த ஒரு கார். புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படி ஆகாது. பழையதில் இரண்டு வழி இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறதை நேராக வாங்கலாம், விலை குறையும், நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆளிருக்காது. இல்லையென்றால் 'சர்ட்டிஃபைடு' என்று கம்பெனிக்காரனே சோதித்துக் கையெழுத்துப் போட்டு விற்கிறதை வாங்கலாம், விலை கூடும், கூடவே ஒரு வாரண்டி வரும். அந்த வாரண்டி முடிந்த பிறகு இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்கு நீட்டித்துக்கொள்ள வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு தொகை.

இதை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் பட்டியல் போட்டேன். என்ஜினுக்கு வாரண்டி உண்டா, கியர்பாக்ஸுக்கு உண்டா, கிளட்ச் ஏன் இல்லை, பிரேக் ஏன் இல்லை, 'தேய்மானம்' என்றால் எதுவரை தேய்மானம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் மிதிக்காமல் இருப்பானா? மிதித்தால் முதலில் போவது கிளட்ச்தான். அதற்கு மட்டும் வாரண்டி இல்லை என்கிறான், கெட்டிக்காரன்.

ஒரு ஷோரூமில் விற்பனையாளரிடம், "இந்த வண்டி எத்தனை கை மாறியது?" என்று நம் ஊர் நினைப்பிலேயே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது. "அம்மா, ப்ளீஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

இப்படி நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த போதுதான், போன வருடம் ஆடியில், வாட்ஸ்அப்பில் மஞ்சளாக ஒரு படம் வந்தது. தேன்மொழி வாங்கிவிட்டாள்.

2

இந்த வருடம் யாழினியின் குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்கள் இருவர் மட்டும். நான் அந்தக் காரைப் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது என்று விமானத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "இந்த ரோட்டுக்கு இது தேவையா தேனு?" என்றுதான் வாயில் வந்தது.

"தேவையாவது ஒண்ணாவது. ஆசைக்கா," என்றாள். கொஞ்சமும் கூச்சம் இல்லை.

அவளுக்கு ஜவ்வாது மலை மேல் சாமை அரவை மில் இருக்கிறது. மலைக்காரர்களிடம் சாமையும் புளியும் வாங்கி வேலூர் கடைகளுக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறாள். பத்து வருடம் சரக்கு வண்டியை அவளே ஓட்டினாள். இப்போது அதற்கு டிரைவர் வைத்துவிட்டு, தான் மட்டும் மஞ்சள் காரில் மலை ஏறுகிறாள்.

எங்களையும் கூட்டிப் போனாள். அந்தக் காரில் பேருக்குத்தான் பின்சீட்டு. யாழினி ஓடிப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால், முழங்கால் தாடையில் இடிக்க, பக்கத்தில் ஒரு புளி மூட்டையோடு. ஒவ்வொரு வேகத்தடையிலும் தேன்மொழி வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினாள். அடி தட்டவே இல்லை. எனக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. ஒரு தடவையாவது தட்டாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் கியரை இறக்கினாள். வண்டி உறுமியது. எதிரே இறங்கி வந்த பஸ் டிரைவர் ஒதுங்கி நின்று கையைத் தூக்கிக் காட்டினார். என் வண்டியில் ஏறினால் காதில் எதையாவது செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிற என் மகள், "சித்தி, ஃபாஸ்ட்டா! இன்னும் ஃபாஸ்ட்டா!" என்று கத்தினாள். பிறகு, "சித்தி, எனக்கும் கத்துத் தர்றீங்களா?" என்று முழுசாகத் தமிழில் கேட்டாள். அவளிடமிருந்து ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தை நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! அது சித்திக்கு வருகிறது, பெற்றவளுக்கு வருவதில்லை. புளி மூட்டை மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

3

மில்லில் சாப்பிட்டுக்கொண்டே, "எப்படித் தேர்ந்தெடுத்த?" என்று கேட்டேன். ஏதாவது ஏமாந்திருப்பாள், அதைக் கண்டுபிடித்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி என்கிற கணக்கு.

"ஆடில யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க இல்ல, ஷோரூம்ல ஈ ஓட்டிக்கினு இருப்பான். அதான் ஆடில போனேன். அத்தை ஒரு வாரம் எங்கிட்ட பேசல. ஆடில எடுத்தா வெளங்காதுன்னு அழுதாங்க. போனா போவுது, வெல கொறஞ்சுதே."

"சர்ட்டிஃபைடா?"

"ஆமாங்க்கா. இருநூறு எடத்துல செக் பண்ணிருக்கோம்னு ஒரு சீட்டு நீட்னான். சீட்டு கிடக்கட்டும்யா, நான் மூணு வேள ஓட்டிப் பாக்கணும்னேன். அவனுக்குப் புரியல. மாடு வாங்கினா மூணு வேள கறந்து பாக்காம புடிச்சிக்கினு வருவமா? ஒரு வேள கறக்காம வுட்டு, மடி ரொப்பிக் காட்டுவான் விக்கிறவன். ஏமாந்துடுவோம்ல?"

காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று பெங்களூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். முதலில் காட்டியது ஒரு சிவப்பு வண்டி. மத்தியானமும் சாயங்காலமும் நன்றாகத்தான் ஓடியதாம். மறுநாள் காலை, ஷோரூம் திறக்கிறதுக்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றிருக்கிறாள்.

"நாம போறதுக்கு முன்னாடியே அவன் ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வச்சிடறான்க்கா. அன்னிக்கு பானட்டத் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சு. இப்ப போடுன்னேன். போட்டான். உள்ள டப்பாவுல கல்லு போட்டு ஆட்டின மாரி சத்தம். வாணாம்பா, அந்த மஞ்சள காட்டுன்னேன்."

இரண்டு வருடப் பட்டியலில் 'குளிர்ந்த என்ஜினைக் கேட்டுப் பார்' என்று ஒரு வரி என்னிடம் இல்லை. நான் போய்ப் பார்த்த எல்லா வண்டியும் எனக்காகச் சூடாகவே நின்றிருந்தன, நானும் சத்தமே இல்லை என்று டிக் போட்டு வந்திருக்கிறேன். கணியம்பாடியில் என் பிறந்த வீட்டிலும் மாடு இருந்தது. நானும் மூன்று வேளை கறந்து வாங்கினதைப் பார்த்து வளர்ந்தவள்தான். அவளுக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை?

4

கை கழுவி வந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அக்கா, இத கொஞ்சம் படிச்சு சொல்லுங்க. வாரண்டிப் பேப்பர். ஒரு வருசம் அவங்களே குடுத்தது, மேல ரெண்டு வருசம் நான் கட்டி வாங்கினது. இவரு ரெண்டு வரி படிச்சுட்டு கொட்டாவி வுடறாரு. உங்களுக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

ஆமாம், தண்ணீர் பட்ட பாடுதான். இந்த மாதிரிக் காகிதத்தை இரண்டு வருடமாகத் தின்று கொண்டிருப்பவள் நான். மடமடவென்று புரட்டினேன். நான்காம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. வருடத்துக்கு ஒருமுறை அல்லது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அப்போது, அவர்கள் குறிப்பிட்ட சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டு முத்திரை வாங்க வேண்டும். தவறினால் நீட்டித்த வாரண்டி செல்லாது. ஒரு நாள் சலுகைகூட இல்லை.

"சர்வீஸ் விட்டியா?" என்று கேட்டேன்.

"பத்தாயிரம் ஓடினாத்தானேக்கா? ஆறாயிரம் கூட ஆவல. பொங்கலுக்கு வுட்டுக்கலாம்."

ஊரில் எல்லோரும் செய்கிற தப்புதான் இது. கிலோமீட்டரைத்தான் பார்ப்பார்கள், தேதியை யாரும் பார்ப்பதில்லை. வாங்கிய தேதி முதல் பக்கத்தில் இருந்தது, ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள். விரல் விட்டு எண்ணினேன். இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் சத்தம். யாழினி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தேன்மொழி ஓடிப் போய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவள் கை மேல் தன் கையை வைத்து கியரைக் காட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் என்னவோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மில்லில் வேலை செய்கிற பெண்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

தேன்மொழி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "இன்னாக்கா போட்டிருக்குது?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"வேற எதாவது?"

"வழக்கமா எழுதறதுதான்."

காகிதத்தை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். "நீங்க பாத்தா போதும்க்கா," என்று வாங்கி பீரோவில் வைத்தாள். பொய் சொல்கிறவளுக்குக் கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

5

மெல்போர்ன் திரும்பியதும் வழக்கமான ஓட்டம். காலையில் ஆறே கால், கண்ணாடியில் பனிப் படலம், ஈரத் துணி வாடை. ஊசி குத்தும்போது, "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்" என்று ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் சொல்கிறேன். அவள் தேதிக்கு மீதமிருந்த பதினாறு நாளும் ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். அங்கே விடிந்திருக்காது, மத்தியானம் பார்க்கலாம். மத்தியானம் வந்தால் அவள் மில்லில் வேலையாக இருப்பாள், நாளைக்குப் பார்க்கலாம். போன் என் பையில்தான் இருந்தது. சாக்குக்கா பஞ்சம்?

எனக்கு ஒரு கண் போனாலும் பரவாயில்லை, எதிரிக்கு இரண்டு கண்ணும் போகணும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அந்த அளவுக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வண்டி கெட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லையே. ஒரு வரியைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே. பொறாமைக்காரர்களுக்கு வாதம் செய்ய வக்கீல் தேவையில்லை பாருங்கள்.

அவள் சர்வீஸ் விட வேண்டிய கடைசித் தேதி ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு நான் ஷோரூமில் இருந்தேன். நீல நிறத்தில் ஒரு சர்ட்டிஃபைடு வண்டி. திறக்கும் முன்பே போய் நின்று, பானட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த என்ஜினைப் போடச் சொல்லிக் கேட்டேன். பிறகு வாரண்டிக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அந்த விற்பனையாளரைப் பிடுங்கி எடுத்தேன். சர்வீஸ் தேதி எப்போது, தள்ளிப் போனால் எத்தனை நாள் சலுகை, முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்புவீர்களா, அதை எழுத்தில் தருவீர்களா. உங்களைப் போல வரி வரியாகப் படிக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை என்று அவர் பாராட்டினார்.

வெளியே வரும்போது சந்தவாசலில் காலை ஏழு மணி. அப்போது சொல்லியிருந்தால்கூட பெங்களூருக்கு ஓடிப்போய் முத்திரை வாங்கியிருப்பாள், அவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. நான் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை நீல வண்டிக்கு முன்பணம் கட்டினேன்.

6

மூன்று வாரம் கழித்து, நான் வேலை முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தபோது தேன்மொழி கூப்பிட்டாள். மலையிலிருந்து அமிர்தி பக்கம் இறங்கும்போது கியர் விழவே இல்லையாம். வண்டியை லாரியில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறாள். கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும், வாரண்டியில் வராது என்று கையை விரித்துவிட்டார்களாம்.

"வுடுவனாக்கா நானு? எங்க அக்கா ஆஸ்திரேலியால இருக்காங்க, அவங்க இந்தப் பேப்பரப் படிச்சுப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்க, அவங்களவுட உனக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு கேட்டேன். இவரு சொல்றாரு, அண்ணி பாக்காம வுட்டிருப்பாங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்னு. புடிச்சி ஏசிட்டேன். நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கக்கா, நல்ல இங்கிலீஷ்ல, காரமா. நுகர்வோர் கோர்ட்டு வரிக்கும் போயிடறேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேசையில் படித்துக்கொண்டிருந்த யாழினி, "சித்தி, போட்டோ எடுத்து அனுப்புங்க, நானே எழுதறேன்," என்றாள். ஐந்து நிமிடத்தில் காகிதங்கள் வந்து விழுந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நான் டீயை வடிகட்டினேன். வடிகட்டிய பிறகும் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அம்மா, இங்கேயே இருக்கே. பக்கம் நாலு. எது முன்னால வருதோ அது. நீ இதைக் கவனிக்கலையா?"

பாருங்கள், வழி தானாகத் திறந்தது. கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை. ஆனைக்கும் அடி சறுக்கும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், நாலு நாள் வருத்தப்பட்டு விட்டுவிடுவார்கள்.

"கவனிக்கல," என்றேன் மகளிடம்.

அவள் முகம் சுருங்கியது. "பாவம் சித்தி," என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். தேன்மொழி இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். மகள் சொன்னதும் நான் சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கும். அவள் பின்னால் மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வுடுங்கக்கா," என்றாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க. நாலு நாள் லீவுல வந்தவங்களப் புடிச்சி பேப்பரு படிக்க வச்சது என் தப்பு. உங்களுக்கு அன்னிக்கு மலையேறினது தல வேற சுத்தியிருக்கும். பின்சீட்டுல வேற உக்கார வச்சிட்டேன். நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

எனக்காக அவளே பொய் தேடிக் கொடுத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தால் கவனிக்கவில்லை என்பதையே பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

"தேனு, நான் பாத்தேன்."

"இன்னாக்கா?"

"அந்த வரிய அன்னிக்கே பாத்தேன். எத்தனை நாள் இருக்குன்னு கூட எண்ணிப் பாத்தேன். வேணும்னேதான் சொல்லல. பொறாமை."

அவள் யாரிடமோ, "மிஷின நிறுத்து," என்றாள். மில் சத்தம் மெல்ல இறங்கி நின்றது.

"பொறாமையா? எம்மேலயா?"

"ஆமா."

"எனக்கும் இருந்துச்சுக்கா. நீங்க அங்க போன புதுசுல லைசென்ஸ் வாங்கிட்டு, ஸ்டீரிங் புடிச்சிக்கினு ஒரு போட்டோ அனுப்பனீங்க. அத்தை அதுக்கு கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினாங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம நான்தான் அதத் தொடைக்கணும். வயிறு எரியும். கை தவறின மாரி கீழ போட்டு ஒடச்சிடலாமான்னு இருக்கும்."

நான் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"ஒடைக்கல. தொடச்சி மாட்டிட்டு, ஆரணிக்குப் போயி டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். வயித்தெரிச்சல்ல நான் வண்டி ஓட்டக் கத்துக்கினேன்க்கா. நீங்க இன்னா பண்ணீங்க?"

நான் பதில் சொல்லட்டும் என்று அவள் போனை வைக்காமலே இருந்தாள்.